திட்டினால் எழுந்திருக்கும் கம்ப்யூட்டர்

ஹலோ... ஆமா மாப்ள, உங்க மச்சான்தான்... நெட் வரலியா? அதுக்கா இப்படி மூச்சு வாங்குறீங்க? போனை அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்துல வைங்க. ஒரு திட்டு திட்டுறேன், எழுந்திரிச்சிடும்... விளையாடல மாப்ள. ரிட்டயர் ஆகுற வரைக்கும் டெலிபோன் ஆபீஸ்ல மெஷினைத் திட்டியே சம்பளம் வாங்கினவன் நான். ஒரு தடவை தும்மினேன், திட்டுறேன்னு நினைச்சு பாதி ஊருக்கு லைன் வந்துடுச்சு... நம்பாதீங்க. நீங்க எதைத்தான் நம்பினீங்க.

என்ன அவசரம்?... பாப்பாவுக்கு நெட்லயே பரீட்சையா? இப்பவா?... ஆமா ஆமா, போன்ல எழுத முடியாதுதான். கொஞ்ச நேரத்துல கதவைச் சாத்திடுவாங்களா... அழறாளா? மாமா லைன்ல இருக்கேன்னு சொல்லுங்க... சொல்லிட்டீங்களா? அப்புறம் ஏன் இன்னும் அழறா?

சரி. வைரஸ் வந்துடும்னு பயந்து லினக்ஸ் போட்டீங்கல்ல, அந்தக் கறுப்புத் திரையைத் திறங்க. வெளிய கூப்பிட்டா பதில் வருதான்னு பார்ப்போம். பிங்னு அடிச்சு, நாலு எட்டு, நடுவுல புள்ளி... எட்டுக்கு எட்டுதான் மாப்ள, யோசிக்காதீங்க... பதில் வருதா? வருது. இப்ப பரீட்சைக்காரங்க பேரைப் போட்டு அடிங்க... அப்படி ஒரு பேரே தெரியாதுங்குதா. ஆக, நம்பர் சொன்னா போகுது, பேர் சொன்னா முழிக்குது. அப்படியே உங்க வளர்ப்பு. எங்க வீட்டு ஆளுங்க பேர் ஒண்ணும் உங்களுக்குத் தெரியாது, ஒவ்வொருத்தரோட சம்பளம் மட்டும் தெரியும்.

கோவிச்சுக்காதீங்க. பேரைச் சொன்னா நம்பர் எடுத்துக் குடுக்க ஒருத்தர் இருப்பாரு. அவரோட விலாசம் ஒரு ஃபைல்ல இருக்கும். ரிசால்வ் காண்ஃப்னு பேர். திறங்க... என்ன நம்பர்?... அது பழைய ரவுட்டர் நம்பராச்சே. புதுசு மாட்டிட்டீங்கல்ல? பழசு எங்க?... அலமாரியில. பூட்டி. செத்த ரவுட்டருக்குமா மாப்ள பூட்டு? உங்க கம்ப்யூட்டர் இவ்வளவு நேரமா அந்த அலமாரிகிட்ட போய் வழி கேட்டுக்கிட்டு நிக்குது.

அதை அழிச்சுட்டுப் புது ரவுட்டர் நம்பரைப் போடுங்க... விடலியா? பாஸ்வேர்டு குடுத்துமா விடல?... மாப்ள. அந்த ஃபைலைப் பூட்டினீங்களா?... நான் போன தடவை வந்துட்டுப் போன அன்னைக்கா?... நான் தொட்டுடுவேன்னா? ம்... ம்... சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு, ஃபிரிட்ஜுக்குப் பூட்டு, இப்ப ஃபைலுக்கும். கடைசியில வெளிய நிக்கிறது நீங்க பெத்த பொண்ணு.

பாப்பாகிட்ட போனைக் குடுங்க... அழாத கண்ணு. நான் சொல்றதை அப்படியே அடி. முதல்ல பூட்டைத் திறக்கிறோம்... திறந்துச்சா? புது நம்பரைப் போடு... போட்டியா? இப்ப ஒரு ரீஸ்டார்ட் குடு, எல்லாம் வந்துடும். அப்பாகிட்ட போனைக் குடு.

என்ன மாப்ள?... இன்னும் எழுந்திரிக்கலியா?

(ரிசீவரைப் பொத்திக்கொண்டு, மனைவியிடம்) நீ சும்மா இரு. ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டிருக்கு, அதுவா வரும். அதுக்குள்ள திட்டிக்கிறேன்.

மாப்ள, ஸ்பீக்கரைப் போடுங்க. கம்ப்யூட்டர்கிட்ட வைங்க... சிரிக்காம வைங்க.

ஏய் தகர டப்பா. கரண்டைத் தின்னுட்டுத் தின்னுட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல? உலகத்துல உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நாலு பேரைத் தெரிஞ்சு வச்சிருக்கு, உனக்கு ஒருத்தனையும் தெரியாதா? எவன் வந்தாலும் சந்தேகம், எதைப் பார்த்தாலும் பூட்டு. படிக்கிற பொண்ணு கண்ணு கலங்கி நிக்குது, உனக்கு அலமாரிச் சாவிதான் பெருசாப் போச்சு... மாப்ள, உங்களைச் சொல்லல. கம்ப்யூட்டரைச் சொல்றேன்... எழுந்திரு. எழுந்திருன்னா எழுந்திருக்கணும்.

...

என்னது?... வந்துடுச்சா? பாப்பா உள்ள போயிட்டாளா?... கேள்வித்தாளே வந்துடுச்சா. நல்லா எழுதச் சொல்லுங்க. நீங்க மெதுவா வெளிய வாங்க... இல்ல இல்ல, போனை வைக்காதீங்க. என் தங்கச்சி பக்கத்துல இருக்காளா? ஸ்பீக்கர்லயே இருக்கட்டும். இப்ப சொல்லுங்க, என்ன நடந்துச்சு?... தானா வந்துச்சா. அப்ப நான் திட்டுறதுக்கு முன்னாடி ஏன் தானா வரல?... யோசிங்க, யோசிங்க. எனக்கு அவசரம் இல்ல...

ம்... காதுல விழல மாப்ள... ஆங். "திட்டினதும்"னு ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, அதையும் சேர்த்துச் சொல்லுங்க... அவ்வளவுதான். தங்கச்சி, உன் வீட்டுக்காரர் வாயால ஒத்துக்கிட்டாரு, கேட்டுக்கிட்டியா?...

ஹலோ... ஹலோ?