ஒட்டகம் என்றொரு மாணவன்

— பேச்சை மாத்தாதீங்க. இன்னைக்கு என் ஆன்லைன் வகுப்புக்கு 'ஒட்டகம்'னு பேர் போட்டுக்கிட்டு வந்தது யாரு?

— பாரு, உன் வகுப்பு, உன் பிள்ளைங்க. ஒட்டகம் வரும், ஒட்டகச்சிவிங்கி வரும். என்னைக் கேட்டா?

— நான் பாடம் எடுக்கற பிள்ளைங்கள்ல அப்படி ஒண்ணு கிடையாது.

— அப்ப யுனிவர்சிட்டிலேருந்து யாராவது எட்டிப் பாத்திருப்பாங்க. அந்தத் தட்டைக் குடு, தொடைச்சு வெக்கிறேன்.

— தட்டு தானா காயும். யுனிவர்சிட்டி ஆளோட குரல் நம்ம வீட்டுச் செவுத்து வழியா எப்படிங்க வரும்? மொதல்ல செவுத்துல கேட்டுது. கொஞ்சம் பொறுத்து அதே வார்த்தை ஹெட்போன்ல கேட்டுது. ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு ரெண்டு தடவை.

— சரி. நான்தான்.

— பக்கத்து ரூம்ல உக்காந்துக்கிட்டு பொண்டாட்டி வகுப்புக்குப் பொய்ப் பேர்ல வந்த வாத்தியார் உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க.

— பெரிய குத்தம் பண்ணின மாதிரி பேசாத. பாலம் கட்டற பாடத்தை நானும்தான் நடத்தறேன், நீயும்தான் நடத்தற. நீ ஒரு பிரிவு, நான் ஒரு பிரிவு. லிங்க் எல்லாருக்கும் பொதுவாத்தான் கெடக்கு.

— பொதுவாக் கெடந்தா சொந்தப் பேர்ல வர்றதுக்கென்ன?

— வந்தா நீ என்ன பண்ணுவ? 'இதோ என் வீட்டுக்காரர், வணக்கம் சொல்லுங்க'ம்ப. அதுங்க கைதட்டற பொம்மையா அனுப்பும். எனக்கு அது வேண்டாம்.

— வேற என்ன வேணும்?

— அதாவது... அந்தச் சிரிப்பு எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். நான் இந்தப் பக்கம் தொண்டை வறளக் கத்தறேன். எதிர்ல எல்லாம் கறுப்புக் கட்டம். ஒரு முகம் கிடையாது, ஒரு இருமல் கிடையாது. செவிடன் காதுல சங்கு ஊதற மாதிரி. செவுத்துக்கு அந்தப் பக்கம் நீ, கல்யாண வீடு மாதிரி கலகலன்னு. ஒரு நாள் ரெண்டு நாளா? இந்த டெர்ம் பூரா.

— கதவைச் சாத்திக்கலாமே.

— சாத்தினேன். ஃபேனைக்கூட வேகமா வெச்சேன். அப்பவும் கேக்குது.

— அதுக்காகவா வந்தீங்க? இன்னும் ஏதோ இருக்கு. காலைலேருந்து உங்க மூஞ்சி சரியில்ல.

— துறைத்தலைவர் கூப்பிட்டார். அடுத்த டெர்ம் ரெண்டு பிரிவையும் ஒண்ணாச் சேக்கறாங்களாம். வகுப்பு பூரா நீ எடுக்கறியாம். நான் விடைத்தாள் திருத்தித் தரணுமாம். 'மேடம் வகுப்புல பிள்ளைங்க நல்லாக் கலந்துக்கறாங்க சார், நீங்களும் கொஞ்சம் பாத்துக் கத்துக்கலாமே'ன்னார். என்கிட்ட. பாடத்திட்டத்துல பாதிய எழுதினவன்கிட்ட.

— எனக்கு அவர் சொல்லவே இல்லையே.

— நாளைக்குச் சொல்லுவார். நீயும் பவ்வியமா, 'ஐயோ சார், அவர் சீனியர் சார்'னு ரெண்டு தடவை சொல்லிட்டு ஒத்துக்குவ.

— அட, என் வாயில நீங்களே வார்த்தைய வெக்கிறீங்க. உள்ளதைச் சொல்லுங்க. இதுக்குப் பேரு என்ன?

— பேரு என்ன, பேரு. பொறாமை. போதுமா? என் சொந்தப் பொண்டாட்டி மேல எனக்குப் பொறாமை. சொல்லவே கூசுது. வெளில எவனாவதா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுத் தூங்கிடுவேன். உன்னை எங்க போய்த் திட்டறது? திட்டினா நீதான் காபி குடுக்கணும்.

— குடுத்திருப்பேன். சரி, விடுங்க. வந்தீங்களே, என்ன பாத்தீங்க?

— எங்க பாத்தேன்? நீ பத்து வார்த்தை பேசறதுக்குள்ள எல்லாரையும் குழுவாப் பிரிச்சு ஸ்கிரீன்லேயே தனித்தனி ரூம்ல தள்ளிட்ட. நான் வெளில வர வழி தெரியாம ஒரு ரூம்ல மாட்டிக்கிட்டேன். உள்ள ஒரு பொண்ணு, எல்லாரும் அவளைக் கேப்டன்னு கூப்பிடறாங்க. போனதுமே கேக்கறா, 'ஒட்டகம், ஏன் லேட்டு? உனக்கு என்ன வேலை தெரியும்?'னு.

— அவ அப்படித்தான். என்ன சொன்னீங்க?

— குரலை மாத்திக்கிட்டு, ஜலதோஷம்னேன். 'ஜலதோஷம் வேலை இல்ல, படம் போடு'ன்னா. ஹாஸ்டலுக்கும் லைப்ரரிக்கும் நடுவுல கால்வாய், அதுக்கு மேல ஒரு நடைபாலம். அதானே நீ குடுத்த வேலை?

— அதேதான்.

— நானும் மவுசைப் பிடிச்சேன். கோடு எங்கேயோ போகுது. சரி, அழிப்போம்னு ஒண்ணை அமுக்கினேன், அவங்க போட்ட படம் பூரா போயிடுச்சு.

— அய்யய்யோ.

— என் வகுப்புல எவனாவது இப்படி அழிச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு உனக்கே தெரியும். வம்சத்தையே இழுத்திருப்பேன். அவங்க சிரிக்கறாங்க. 'ஒட்டகம் மேஞ்சிடுச்சு'ங்கறாங்க. ஒருத்தன் எனக்குப் பொறுமையா, எதை அமுக்கினா போனது திரும்பி வரும்னு சொல்லித் தர்றான். யாருன்னு நெனக்கிற? அந்த ஊமை.

— எந்த ஊமை?

— போன டெர்ம் என் பிரிவுல இருந்தானே, ஒரு வார்த்தை பேச மாட்டான், நான்தான் அவனுக்கு ஊமைன்னு பேர் வெச்சேன். இப்ப உன்கிட்ட மாறி வந்திருக்கான். அங்க என்னடான்னா வாய் ஓயாம பேசறான். கேப்டனே கேட்டா, 'நீ முன்னாடி பேசவே மாட்டியாமே'ன்னு.

— என்ன சொன்னான்?

— வேண்டாம், விடு.

— சொல்லுங்க.

— 'அந்த சார்கிட்ட ஒரு தடவை சந்தேகம் கேட்டேன். இதுகூடத் தெரியாமலா இங்க படிக்க வந்தேன்னு கேட்டார். எல்லார் முன்னாடியும். அதோட மைக்கை மூடினவன்தான்'னான். கோவமாக்கூடச் சொல்லல. மழை பெஞ்சுதுன்னு சொல்ற மாதிரி சொன்னான். எனக்கு அவன் கேட்டதும் ஞாபகமில்ல, நான் சொன்னதும் ஞாபகமில்ல. ஒட்டகம் தலையைக் குனிஞ்சு பாலத்துக்குக் கோடு போட்டுக்கிட்டிருந்துது.

— அப்புறம்தான் அவன் கம்பியைப் பத்திக் கேட்டானா?

— ஆமா, கான்கிரீட்ல கம்பியை ஏன் அடிப்பக்கம்... இரு. அது உனக்கு எப்படித் தெரியும்?

— டீச்சர் எந்த ரூமுக்குள்ள வேணா போகலாங்க. அந்த இடத்துல நான் உள்ள வந்தேன். என் பேரு ஸ்கிரீன் ஓரத்துல தெரியும். பிள்ளைங்களுக்குப் பழக்கம், கண்டுக்க மாட்டாங்க. நீங்கதான் படம் போடற பலகையை விட்டுக் கண்ணெடுக்கல.

— எவ்வளவு நேரம் இருந்த?

— கடைசி வரைக்கும்.

— எல்லாத்தையும் கேட்டியா?

— கேட்டேன். 'கையில ரப்பர் இருக்கா, வளைச்சுப் பாரு'ன்னீங்க. அவன்கிட்ட ரப்பர் இல்ல. 'செருப்பு இருக்குமே, அதை எடு'ன்னீங்க. பாவம், நிஜமாவே செருப்பைத் தூக்கி கேமரா முன்னாடி வளைச்சான். 'நடுவுல அமுக்கு. மேல்பக்கம் சுருங்குது பாரு, அடிப்பக்கம் இழுபடுது பாரு. கான்கிரீட் அமுக்கினாத் தாங்கும், இழுத்தா விட்டுடும். அதனால இழுபடற பக்கம் கம்பி'ன்னீங்க. ஜலதோஷம் எல்லாம் அதுக்குள்ள பறந்து போச்சு. அது உங்க சொந்தக் குரல்.

— அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோ?

— போகும்போது 'தேங்க்ஸ் சார்'னானே. கூடப் படிக்கற ஒட்டகத்தை எவன் சார்ங்கறான்?

— வாய்ப் பழக்கத்துல வந்துடுச்சுன்னு நெனச்சேன்.

— இல்லங்க. தெரிஞ்சுதான் சொன்னான்.

— ம்.

— என்ன யோசனை?

— ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் அந்தப் பாலத்துக்குக் கைப்பிடி போடணும்னாங்க. என்னை வரச் சொன்னா கேப்டன். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?

— இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான். சொந்தப் பேர்ல வாங்க. துறைத்தலைவர் கூப்பிட்டா, ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கறோம்னு சொல்லப் போறேன்.

— வேண்டாம். உன் தயவுல எனக்கொரு நாற்காலி வேண்டாம். ஒரு தடவை செருப்பை வளைச்சுக் காட்டினதுல நான் நல்ல வாத்தியார் ஆயிடல. உனக்கு அது தினமும் வருது, எனக்கு இன்னைக்கு வந்துது. நீ ஜெயிச்சவ, பெருந்தன்மையாப் பேசலாம். உனக்கு என்ன?

— எனக்கு என்னவா? நீங்க இருந்த ரூம் தவிர மத்த எல்லா ரூம்லேருந்தும் பிள்ளைங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தர்கிட்டயும் நான் போகல. வகுப்பு முடிஞ்சதும், 'மேடம், இன்னைக்கு எங்க பக்கமே வரலையே'ன்னு கேட்டாங்க. நெட் சரியில்லன்னு பொய் சொன்னேன்.

— ஏன் போகல? நான் உளறிக் கொட்டுவேன்னு காவலுக்கு உக்காந்தியா?

— காவலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பையன் புரியலைன்னான். 'பரவால்லப்பா, நான்தான் சரியாச் சொல்லல'ன்னீங்க. மறுபடியும் புரியலைன்னான். மறுபடியும் சிரிச்சுக்கிட்டே மொதல்லேருந்து சொன்னீங்க.

— அதுல என்ன தப்பு?

— தப்பே இல்லங்க. இந்த வீட்டுல நான் எதையாவது புரியலைன்னு சொன்னா, நீங்க எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுவீங்க. அதான், அந்தப் பையனைப் பாத்து வயிறெரிஞ்சு போய் அங்கேயே உக்காந்துட்டேன்.