மார்க்கக் கொறச்சுத் தாங்க, சாறே

கூட்டிப் போடச் சொல்லி வரேல்ல சாறே, கொறச்சுப் போடச் சொல்லித்தான் வந்தேன். ஆமா, கொறச்சு. யூத் பெஸ்டிவல், பேன்ஸி டிரஸ், செஸ்ட் நம்பர் பதினேழு. நீங்க ஒண்ணாமதுன்னு எழுதி ஏ கிரேடும் போட்டு ஒப்பு வச்சிருக்கிய. அத மூணாமதாக்கித் தந்தா போரும். ரெண்டாமது வேண்டாம். ரெண்டாமதுன்னா குட்டிக்க அப்பன் பொன்னப்பன் அண்ணன் நேரே அப்பீலுக்குப் போயிருவாரு.

நீங்க சாயாவக் குடிங்க, ஆறிப் போவும். உங்க கள்ளிக்காட்டு வண்டி வர இன்னும் அரமணிக்கூறு உண்டு, நான் ஸ்டாண்டில கேட்டுட்டுத்தான் உங்களத் தேடி வந்தேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம், உள்ள எறங்காது. காலத்த முதல் வயித்த இறுக்கி... இல்ல, குட்டிக்கு இறுக்கிக் கெட்டிவிட்ட க்ஷீணமாக்கும்.

நான் யாரா? அது சொல்லேல்ல இல்லியா. லீலாபாய். அந்தக் குட்டி அஸ்வதிக்க ஸ்கூலில தையல் டீச்சர். இருபத்தொண்ணு வருஷமாச்சு. அந்த உடுப்பு நான் தச்சதாக்கும். பதினொண்ணு மாசம் எடுத்துது.

அதுதான் சாறே, தச்சவளே வந்து கொறைக்கச் சொல்லுதா, இதுக்கு கிறுக்கான்னு நீங்க நினைக்கிய. எனக்க தம்பி பெஞ்சாதி சத்தியபாயும் அதத்தான் சொல்லுதா. அவ சொல்லுததுக்குக் காரணம் வேற. பின்ன சொல்லுதேன்.

காரணம் இல்லாம மார்க்கு கொறைக்க ஒக்காது இல்லியா. காரணம் நான் தாறேன், எழுதிக்கோங்க. ஒண்ணு, உடுப்பும் தலையும் சேராது. பொறத்த தோளில இருந்து தர வரைக்கும் பிளீட்டு விழுந்து கெடந்துதில்லியா, அது ஆயிரத்தி எழுநூத்தி அம்பதிலே பிரான்சில உடுத்தது. தலையில கப்பலு வச்ச கொண்ட எழுநூத்தி எழுவத்தெட்டு. இடயில இருபத்தெட்டு வருஷம் கெடக்குது. அம்மைக்க உடுப்பில மகளுக்க தலய ஒட்ட வச்ச மாதிரி. வெவரமுள்ள ஜட்ஜின்னா அத கண்ட ஒடனே பேனாவ மூடியிருப்பாரு. உங்கள சொல்லேல்ல, பொதுவா சொன்னேன்.

ஆனா சாறே, கப்பலு இல்லாம அந்தத் தல எதுக்கு? நீங்களே சொல்லுங்க. ஒரு பெண்ணு தலையில கப்பலு வச்சுட்டு விருந்துக்குப் போவுத ஒரு காலம் இருந்திருக்குது, அத வைக்காம எப்பிடி விட? கமுகம்பாளயில செய்தேன். பாய்மரத்துக்கு ஈர்க்கில், பாயிக்கு எனக்க கைக்குட்ட. பக்கத்து ஸ்கூல் டீச்சரு ஒருத்தி, இது உங்க நெய்யாறு டாமில விடுத படகான்னு கேட்டா. முடி முழுக்க வாழநாரு. அவிச்சு, காயப்போட்டு, சீவிச் சீவி எனக்கு கை வீங்கிப் போச்சு. அதுக்க மேல மரச்சீனிக் கெழங்கு மாவு. அந்தக் காலத்தில அவியளும் மாவுதான் பூசினது, கோதம்பு மாவு. நம்ம ஊரில மரச்சீனி கெடக்கும்போ கோதம்பு எதுக்கு? ஸ்டேஜுக்குப் பின்னால ஒரு ஆடு வந்து கொண்டயக் கடிச்சு இழுத்துது. ஆட்டுக்கு வாழநாருன்னா தெரியும். அதுக்க கிட்ட இருந்து கப்பல மட்டும் ஒரு கேடும் இல்லாம மீட்டோம்.

எங்க இருந்து படிச்சேனா? பழய சாமான் எடுக்குத ஆக்கர்கட ராஜையா அண்ணன் கிட்ட இருந்து. குட்டியளுக்கு வெட்டப் படிப்பிக்க பழய பேப்பரு எடுக்கப் போனேன். கெட்டுக்கு அடியில ஒரு தடிச்ச இங்கிலீஷ் புக்கு கெடந்துது. ஆயிரத்தி எழுநூறில இருந்து ஆயிரத்தி எண்ணூறு வர உடுத்த உடுப்பு மட்டும். ராஜா சண்ட போட்டதில்ல, வரி போட்டதில்ல. எந்த வருஷம் கை எவ்வளவு நீளம், எந்த வருஷம் பாவாட எவ்வளவு அகலம், அவ்வளவுதான் அதில. டிக்ஷனரி வச்சு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசிச்சேன். அதுக்குப் பின்ன எனக்க கண்ணு கெட்டுப் போச்சு சாறே. கோயிலில போதகரு பிரசங்கம் செய்வாரு, நான் முன்னால இருக்க பெண்ணுங்களுக்க முதுகில பிளீட்டு வச்சுப் பாத்துட்டு இருப்பேன். ஆமென் எப்பமும் எனக்குப் பிந்தித்தான் வரும்.

ரெண்டு. எழுதுங்க, ரெண்டு. உள்ளுக்கு இறுக்குத சட்டைக்கு திமிங்கலத்துக்க எலும்பு வைக்கணும். பாறசாலயில திமிங்கலத்துக்கு நான் எங்க போவ? தென்ன ஈர்க்கில் வச்சேன். தொண்ணூத்தாறு ஈர்க்கில். வீட்டில இருந்த வாரியலு ரெண்டும் தீந்துது. முற்றம் அடிக்க வாரியலு இல்லாம சத்தியபாய் என்னையத் திட்டினது இதுக்குத்தான். கிறுக்குன்னு அவ சொல்லுத காரணமும் இதாக்கும். பின்ன, முன்னால கெட்டுததுக்கு நான் பிரஸ் பட்டன் வச்சேன். ஆயிரத்தி எழுநூத்தி அம்பதில ஏது சாறே பிரஸ் பட்டன்? நான் படிப்பிக்குத குட்டியளில யாராவது இப்பிடி செய்தா முழுசும் பிரிச்சுத் தைக்கச் சொல்லியிருப்பேன். ஆனா நெரிசலில சட்டுன்னு மாட்ட பிரஸ் பட்டன விட்டா வேற வழி இல்ல. அத ஒரு குத்தமா எழுதணும்னா எழுதுங்க, சின்னதா எழுதுங்க.

மூணு, ரெப்பர் செருப்பு. ஸ்டேஜில ஏறும்போ பாவாடைக்கு அடியில நீலவாரு தெரிஞ்சுது, நீங்க கண்டிருப்பிய. சாட்டின் வச்ச செருப்பு வேற தனியா செய்தது, அது சேரேல்ல. அளவெடுத்துத்தான் செய்தது. குட்டிக்க காலுதான். பிள்ளையளுக்க காலு வளருமே சாறே. ஆமா, ஒரு வாரத்தில.

இதா, எங்க? காதுக்குப் பின்னாலயா? மாவாக்கும். குட்டிக்குப் பூசும்போ தெறிச்சது. கழுத்திலயும் உண்டா? ஒருபாடு தெறிச்சுப் போச்சு.

கன்னத்தில இருந்தது ஸ்டிக்கர் பொட்டு. அந்தக் காலத்தில அவிய கறுத்த பட்டில மறு மாதிரி வெட்டி ஒட்டுவாவ. எங்க சபையில பொட்டு வைக்க மாட்டோம். ஆனா நெத்தியிலதான் வைக்கப்பிடாது, கன்னத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்லேல்ல. அஸ்வதிக்கு அது கேக்க வேண்டிய காரியமே இல்ல, அவிய ஹிந்துக்கள். நான் எதுக்கு இத உங்க கிட்ட சொல்லுதேன்னு எனக்கே தெரியேல்ல.

நீங்க மைக்கில சொன்னது கேட்டேன். வெள்ளக்காரனுக்க ஆர்ப்பாட்டத்தக் கேலி செய்யுத நல்ல விமரிசனம்னு சொன்னிய. எல்லாரும் கை தட்டினாவ. சாறே, அதில கேலியும் இல்ல, விமரிசனமும் இல்ல. எனக்கு அந்த உடுப்பு பிடிச்சுது, அதான். அஞ்சடி அகலம் பாவாட. இடுப்புக்கு ரெண்டு பக்கமும் பிரம்பு வளையம். பஸ்ஸுக்க வாசலில கேறேல்ல. கண்டக்டரு, கோழிக்கூட மேல போடுன்னான். மேல போட்டுக் கொண்டுவந்தேன். தனுவச்சபுரத்தில காலேஜ் பிள்ளைய எல்லாம் ஜன்னலு வழியா எட்டி எட்டிப் பாத்துது. அதுக்கு எடையில அது எனக்கு விமரிசனமா எப்பிடி தோணும்?

நீங்க மார்க்கும் அபிப்பிராயமும் எழுதின பேப்பரு உங்க கையில இருக்கதுதானே. தலகீழா இருந்தாலும் நான் ரெண்டு வரி வாசிச்சுட்டேன், தையலுக்காரிக்கு பொறத்தயும் அகத்தயும் ஒண்ணுதான். ரெண்டு வரியும் விமரிசனம்தான். மூணாவது வரி உங்க விரலுக்கு அடியில கெடக்குது. குட்டியப் பத்தியா? வேண்டாம், இப்பம் வாசிக்காதிங்க. வாசிச்சா நான் சொல்ல வந்தது பின்ன வராது.

அதுக்க எடயில அந்த ரெண்டாமது வந்த பிள்ள. செங்கல்லில இருந்து வந்த குட்டி, அமிர்தா. குட நன்னாக்குத ஆளா வந்துது. அது நெசமாவே ஒரு உடஞ்ச குடய ஸ்டேஜில வச்சு நன்னாக்கி விரிச்சுக் காட்டிச்சு, கண்டியளா? கம்பி கோத்த விதத்த நான் சைடில இருந்து பாத்தேன். கை வேல தெரிஞ்ச பிள்ள. ரிசல்ட் சொன்னப்பம் அது விரிச்ச குடைக்குப் பின்னால ஒளிச்சிருந்து கண்ணீரு விட்டுக் கரஞ்சுது. ஒண்ணாமதுதானே ஜில்லாவுக்குப் போவும்? எங்களுக்கு மூணாமது வந்தா அது போவும். அதுதான் சாறே நியாயம். அத நினச்சுத்தான் காலு இங்க கொண்டு வந்துது.

ஒப்பு வச்சா மாத்த ஒக்காதா? தொண்ணூத்தொண்ணு மார்க்கில ஒரு மார்க்குகூடவா? ஆயிரத்தி எழுநூத்தி எழுவத்தெட்டு போதாதா? செருப்பு போதாதா?

வேற ஒரு வழியும் இல்லியா.

வேஷம் போட்டது அந்த ஸ்கூலில படிக்குத பிள்ள இல்லேன்னா? அதுக்கு ரூலு உண்டா. அப்பம் வெட்டலாம். முழுசா வெட்டிருவியளா, மூணாமதுகூட வராதா. செரி. அப்பம் வெட்டுங்க.

பதட்டப்படாதிங்க, சாயா சட்டையில விழுது. அஸ்வதி நல்ல பிள்ளதான். காலத்த ஆறு இட்டலி தின்னுட்டு வந்தா. தொண்ணூத்தாறு ஈர்க்கிலும் ஆறு இட்டலியும் ஒரு எடத்தில இருக்காது சாறே. கால் மணிக்கூறு நின்னா. பின்ன, டீச்சரே எனக்கு மூச்சு வரேல்லன்னு சொல்லி, எல்லாத்தயும் அவுத்து எறிஞ்சுட்டு யூனிபார்மில போயி ஐஸ் தின்னுட்டு இருந்தா. விளிச்சேன், கெஞ்சினேன். வர மாட்டேன்னுட்டா. உள்ளபடி சொன்னா அது அவளுக்குச் சேரவும் இல்ல. தோளு எறங்கிக் கெடந்துது, நெஞ்சு லூசு.

அளவு யாருக்கு எடுத்தேனா? சாறே, தையலுக்கு ஒரு பொம்ம வாங்கித் தாங்கன்னு நான் கேக்கத் தொடங்கி பத்து வருஷமாச்சு. வரேல்ல. அப்பம் எனக்க மேல வச்சுத்தான் வெட்டினேன். முதல்ல வெட்டுததுக்கு வசதிக்குன்னுதான் வச்சேன். பின்ன அந்த அளவ மாத்த கை வரேல்ல. செருப்புக்கு மட்டும் அவளுக்க காலு அளவெடுத்தேன், மனசாட்சிக்கு.

மைக்கில பதினேழு, பதினேழுன்னு மூணாம் விளி விளிச்சாச்சு. உடுப்பு எனக்க கையில கெடக்குது. கப்பலு பெஞ்சில இருக்குது, அந்த ஆடு திரும்பவும் வருது. நான் நாலடி ஒம்பது இஞ்சி. வயசு நாப்பத்தாறு. மாவு தடவினா அடியில இருக்கது எட்டாம் கிளாஸா, எட்டாம் கிளாஸுக்குப் படிப்பிக்குத டீச்சரான்னு யாருக்குத் தெரியும்?

ஆமா சாறே. அது நானாக்கும்.

நீங்க பேரு கேட்டிய. நான் விசிறிய விரிச்சு மொகத்த மறச்சேன். நல்ல நடிப்புன்னு பக்கத்து ஜட்ஜுகிட்ட சொன்னிய, எனக்குக் கேட்டுது. நடிப்பில்ல, பயம். பின்ன முட்ட மடக்கி வணங்கினேன். அந்தப் புக்கில பக்கம் நூத்திப் பதினாலு. அடுக்களையில எத்தனயோ தடவ செய்து பாத்ததுதான், மடக்கினா நிமிர ஒக்காது. இண்ணைக்கு நிமிந்தேன். அஞ்சு நிமிஷம்தான் டைமு, நான் எட்டு நிமிஷம் நின்னேனாம். பெல்லு எனக்குக் கேக்கவே இல்ல.

ஹெட்மாஸ்டருகிட்ட நாளைக்கு நானே சொல்லுவேன். அவரு என்ன வேணும்னாலும் செய்யட்டு. பொன்னப்பன் அண்ணன்தான் சங்கடம், ஜங்ஷனில ஒரு பெட்டி லட்டு குடுத்தாச்சு. அஸ்வதியே ரெண்டு தின்னா. அவளுக்கு அதில ஒரு கூச்சமும் இல்ல. ஜில்லாவுக்குப் போவும்போ நீங்கதானே டீச்சரே வருவியன்னு கேக்குதா. நான் உள்ளபடியே ஒரு நிமிஷம் யோசிச்சுட்டேன், கேட்டியளா. அதுக்குத்தான் ஓடி வந்தேன், இன்னொரு நிமிஷம் யோசிச்சா போயிருவேன்.

இருபத்தொண்ணு வருஷம் அடுத்தவளுக்க உடுப்புக்கு பொத்தான் வச்சிருக்கேன். எனக்குன்னு மனசறிஞ்சு ஒண்ணு தச்சு, அத உடுத்து நாலு ஆளு முன்னால நின்னது இண்ணைக்குத்தான். ரொம்ப சந்தோஷமா இருந்துது சாறே. செய்தது தப்பு. இப்பமும் சந்தோஷமாத்தான் இருக்குது.

அதா, ஹாரன் கேக்குது, உங்க வண்டிதான். நான் கை காட்டி நிறுத்துதேன், ரோட்டுக்கு நடுவில வேணும்னாலும் நின்னு நிறுத்துதேன். நீங்க பேனாவத் தொறங்க. தொறந்துட்டு, வெட்டுததுக்கு முன்ன அந்த விரல எடுத்துட்டு மூணாவது வரிய ஒண்ணு வாசிங்க. சத்தமா வேண்டாம், எனக்குக் கேட்டா போரும். குட்டின்னு எழுதியிருக்க எடத்தில மட்டும் லீலாபாய்னு வாசிங்க. பின்ன வெட்டிருங்க.