பலகை முழுக்கப் பச்சை

எனக்குப் பச்சை நிறம் பிடிக்கும், ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எங்கள் சுகாதார அலுவலகத்தில் முன்பெல்லாம் ஃபேக்ஸ். ஆய்வகத்து அக்கா தாளை அனுப்பிய கையோடு போன் செய்வார். "தம்பி, வந்துச்சா? மூணாவது பக்கம் தெரியுதா? எங்கே, படிச்சுக் காட்டு." பிறகு எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான செய்திப் பெட்டி வந்தது. உரியவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. அவர் திறந்து 'பெற்றேன்' என்று அழுத்தும்வரை சுவர்ப் பலகையில் சிவப்பு, அழுத்தினால் பச்சை. இரண்டு வருடம் அலைந்து அதைக் கொண்டுவந்தவன் நான்.

தொடக்க நாளன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பலூன், கேக். பார்க்க வந்த என் மனைவி காதோரம் சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்குக்கூட உங்களுக்கு இவ்ளோ பல்லு தெரியலைங்க."

பதினோரு மணிக்கு இயக்குநர் வருகிறார். பத்தே முக்காலுக்குப் பலகையில் ஒன்பது சிவப்பு. ஒன்பதும் குடிநீர் அலுவலகத்துக்குப் போனவை. அங்கே யாரும் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவர்களுக்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தவன் நான்தானே. ஒன்பதையும் நானே அழுத்தினேன். படிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது முறையல்ல.

இயக்குநர் கை தட்டினார். நான் தரையில் இல்லை.

மதியம் அக்கா கூப்பிட்டார். "காலையில தண்ணி ஆபீஸுக்கு ஒண்ணு அனுப்பினேன் தம்பி. எதுக்கும் ஒரு போன் போட்டுடவா?"

"பச்சை விழுந்துச்சில்லக்கா? இன்னும் ஃபேக்ஸ் காலத்துலயே இருக்கீங்களே."

இருவரும் சிரித்தோம். அவர் போன் செய்யவில்லை.

அவர் அனுப்பியது எங்கள் தெருக் குடிநீர்த் தொட்டியைப் பற்றியது. காலரா கிருமி இருக்கிறது, உடனே மூடவும். தொட்டி ஆறு நாள் திறந்தே கிடந்தது. அன்று மாலை, கேக் திகட்டுகிறது என்று என் மனைவி தண்ணீர் கேட்டாள். குழாயில் பிடித்து, டம்ளர் நிறைய நான்தான் கொடுத்தேன்.

பதினோரு பேர் இறந்தார்கள். அவள் நான்காவது.

'பெற்றேன்' என்று பதிவாகியிருப்பதால் குடிநீர் அலுவலரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். அழுத்தியது என் விரல். ஆனால் பெட்டி மீது பழி போடாதீர்கள், ஐயா. அந்தச் செய்தி நான்கே வினாடியில் போய்ச் சேர்ந்தது.

அவள் இறந்த தகவலும் மருத்துவமனையிலிருந்து அதன் வழியாகத்தான் எனக்கு வந்தது. முறைப்படி திறந்து, கடைசி வரி வரை படித்துவிட்டு அழுத்தினேன். உடனே பச்சை.