ஒரு மூச்சு நேரம்

காபியில் சர்க்கரை போடவில்லை, ஜீவிதா. வகுப்பில் இருந்த நாளிலேயே நீங்கள் சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பீர்கள். நம் பேட்ச்சில் யாருக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்கு இன்னும் அத்துப்படி. நிதானமாகக் குடியுங்கள். அஸ்தினாபுரத்தில் இது அமைதியான தெரு. ரயில் சத்தம் எட்டாத இடமாகத் தேடித்தான் இந்த வீட்டை வாங்கினேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் இங்கே பெரிய சத்தம். நம் வகுப்பு ஜெபின் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறான், வரக் கொஞ்சம் நேரமாகும்.

உங்கள் மேனேஜரிடம் ஜெபினைப் பற்றி என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்கள். நல்ல பையன், திறமைசாலி, தாராளமாக எடுக்கலாம் என்று சொன்னேன். அவரும் உங்களிடம் அதைத்தான் சொல்லியிருப்பார். "ஆனா பத்ரி சார் ரொம்பத் தயங்கினாரும்மா" என்று ஒரு வார்த்தை சேர்த்தாராக்கும். அதற்காகவா கேளம்பாக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தீர்கள்?

வேலை பார்த்துக்கொண்டே சனி ஞாயிறுகளில் எம்பிஏ படிக்க வந்தவர்கள் நாம். முதல் நாள் டைரக்டர் பேசியது ஞாபகம் இருக்கிறதா? பாடமெல்லாம் மறந்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை மட்டும் விட்டுவிடாதீர்கள், நீங்கள் கட்டும் ஃபீஸ் அதற்குத்தான் என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். அதை நம்பியவன் நான் ஒருவன்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வகுப்புப் பிரதிநிதி என்று என்னைத்தான் நிறுத்தினீர்கள், இருப்பதிலேயே வயதானவன் என்பதால். வாட்ஸ்அப் குரூப், பிறந்தநாள் வாழ்த்து, மாதம் ஒரு ஞாயிறு தாம்பரத்தில் டிபன், எல்லாம் என் தலையில். பட்டம் வாங்கிய வருஷம் ஹோட்டல்காரர் நமக்கு மாடி ஹாலையே ஒதுக்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் இரண்டு மேஜை போதும் என்றாகிவிட்டது. பிரமோஷன் வந்தவர்களும் கம்பெனி மாறியவர்களும் குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டார்கள். நீங்களும்தான். குறையாகச் சொல்லவில்லை. வேலை போனவர்கள் மட்டும் தவறாமல் வந்தார்கள், அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

என் மனைவி மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கனடா போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

சிறுசேரியில் ஆட்குறைப்பு நடந்தபோது ஜெபினுக்கு வேலை போனது. பழைய கம்பெனிகள் சேர்ந்த தேதி, விலகிய தேதி தவிர எதையும் சொல்லாது. அதனால் புதிதாக எடுப்பவர்கள் கடைசியில் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள். ஜெபின் போன இடமெல்லாம் என் பெயரைத்தான் கொடுத்திருந்தான்.

முதல் போன் வந்தபோது தாம்பரம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். "ஜெபினை எடுக்கலாமா சார்?" என்று அந்த அம்மா கேட்ட நேரம் பார்த்து ஒரு எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அந்த இரைச்சல் அவர் காதில் விழ வேண்டாமே என்று போனைக் கையால் பொத்திக்கொண்டேன். ரயில் போன பிறகு, "தாராளமா எடுக்கலாம், நல்ல பையன்" என்றேன். "ஓ... சரி சார், புரியுது" என்றார். குரல் மாறியிருந்தது. வேலை கிடைக்கவில்லை.

திருப்பிக் கூப்பிட்டு, நான் தயங்கவில்லை, ரயில்தான் என்று விளக்கியிருக்கலாம். செய்ய வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஜெபின் தோசையைத் தொடவே இல்லை. "எங்க தப்பு பண்றேன்னே தெரியலண்ணா. இன்டர்வியூ சூப்பராப் போச்சு, கடைசில கைய விரிச்சிட்டாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சாயங்காலம் வரை என்னோடுதான் இருந்தான். அந்த ஞாயிறு எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது போன் இந்த வீட்டில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இருந்தபோது வந்தது. அதே கேள்வி. போனைக் கையால் பொத்திக்கொண்டேன். ஒரு மூச்சு இழுத்து விட்டேன். பிறகு அதே பதிலைச் சொன்னேன். பொய் என்று ஒரு எழுத்து கிடையாது. அதன் பிறகு வந்த எல்லோருக்கும் அப்படித்தான், உங்கள் மேனேஜர் உட்பட.

ஜெபினும் அவன் மனைவி வெண்ணிலாவும் வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். வெண்ணிலா மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "அவரை நீங்கதான் பாத்துக்கணும்ண்ணா" என்று கேட்டுக்கொண்டாள். பார்த்துக்கொள்கிறேன். மாடி அறை சும்மாத்தானே கிடந்தது. காலையில் அவன் காய் நறுக்கித் தருவான், நான் சமைப்பேன். இப்போதெல்லாம் என்னைக் கேட்காமல் அவன் எங்கும் போவதில்லை.

உங்கள் கம்பெனி முடியாது என்று சொன்ன அன்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், வெளிப்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பேசிப் பேசித்தான் இறக்கினேன். என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னாயிருப்பேன்ண்ணா" என்றான். நான் இல்லாவிட்டால் அவன் என்ன ஆகியிருப்பான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். அவனுக்கு வேலை கிடைக்காமல் போனது என்னால்தான். வேலை கிடைத்திருந்தால் அவனும் குரூப்பை மியூட்டில் போட்டிருப்பான். நம் பேட்ச்சில் இன்றைக்கும் ஒன்றாக உட்கார்ந்து டிபன் சாப்பிடுவது நாங்கள் இரண்டு பேர்தான். அந்த முதல் நாள் கை தட்டலுக்கு யாராவது ஒருவர் மரியாதை செய்ய வேண்டாமா?

கோபப்படாதீர்கள். அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை, மேனேஜரை மறுபடி கூப்பிடச் சொல்கிறேன் என்கிறீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது, ஜெபின் வந்துவிட்டான். அவன் காதில் விழாமல் மெதுவாகப் பேசுங்கள், பாவம், தாங்க மாட்டான். இந்தத் தடவையாவது தயங்காமல் சொல்வீர்களா என்றுதானே கேட்டீர்கள்?

பதில் சொல்கிறேன், ஜீவிதா. கொஞ்சம் பொறுங்கள், ரயில் ஒன்று போகிறது.