ஆறு மணி வேன்

ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பவர்களுக்குச் சுண்டுவிரல் ஓரத்தில் நூல் அறுத்த கோடு ஒன்று விழும். ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு அது உண்டு. என் தங்கை கிறிஸ்டினாவுக்குப் பதின்மூன்று வயதிலேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியம்மாவோடு உட்கார்ந்து தைப்பாள். எனக்கு அந்தக் கோடு கிடையாது. நான் கம்பெனியில் மெஷினில் தைக்கிறவள்.

எங்கள் அப்பா சாமுவேல் ஈஸ்டருக்கு முந்தின வாரம் வேலூர் ஜெயிலிலிருந்து வந்தார். அவர் அடித்த அடியில்தான் அம்மா செத்துப்போனாள். எனக்கு அப்போது பதினொரு வயது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்டினா பெரியம்மா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு எங்களை வளர்த்தது பெரியம்மா மரியம்மாள்தான். பத்து வருஷம் கழித்து, நன்னடத்தை என்று அப்பாவை முன்கூட்டியே விட்டபோது பாஸ்டர் வீட்டுக்கு வந்து பேசினார். பெரியம்மா வெகுநேரம் அழுதாள். பிறகு முன்னறையில் ஒரு பாய் போட்டாள்.

அவர் மாறித்தான் வந்திருந்தார். அதை நான் மறைக்கவில்லை இன்ஸ்பெக்டர் மேடம். சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். வீட்டில் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. கிறிஸ்டினாதான் அவர் கையில் ஊசியைக் கொடுத்தாள்.

"இன்னாப்பா இது, கோணி மூட்டைக்குப் போடற மாதிரி போட்டு வெச்சிருக்க? பிரி, பிரி."

"உள்ள எனக்குத் தறிதான் குடுத்தாங்க கண்ணு. ஊசிய நம்பி யாரு குடுப்பா?"

அவள் சிரித்தாள். பிறகு ஒரு ஜோடியில் வலது கால் அவளுக்கு, இடது கால் அவருக்கு என்று ஆயிற்று. நான் வேலை முடிந்து வரும்போது இருவரும் எதிரெதிரே குனிந்து தைத்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

"அக்கா, நீ ஏன் இப்டிப் பேஜார் பண்ற? அவரு மாறிட்டாரு" என்றாள் ஒருநாள்.

"உனுக்குத் தெரியாது."

"நீயுந்தான் அப்ப சின்னப் பொண்ணு."

திங்கட்கிழமைகளில் அப்பா ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். ஒருமுறை நானும் போயிருந்தேன். ஒரு புகார் வந்தாலும் திரும்ப உள்ளேதான் என்று அங்கிருந்த ஏட்டு சொன்னார். அப்பாவை எச்சரிக்கத்தான் சொன்னார். நான் அதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி வேன் ஓட்டும் புகழேந்தி அண்ணனிடம் ஒரு குவார்ட்டர் வாங்கித்தரச் சொன்னேன்.

"இன்னா மெர்சி, வூட்ல விசேஷமா?"

"பெரியம்மாவுக்கு மூட்டு வலிண்ணா. தடவறதுக்கு."

"பாத்துத் தடவு. மூட்டு ஆட ஆரம்பிச்சிரும்."

பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால், அவர் கைபடும் இடத்தில் வைத்தேன். அன்றே எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "எனக்குன்னா இது வேணாம்மா" என்று சொல்லிவிட்டுச் சாக்கடையில் கொட்டினார். பாட்டிலைக் கழுவி முடித்ததும் விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். நான் அந்தக் கையையே பார்த்தேன்.

அடுத்த முறை ஆரஞ்சு கலர் சோடாவில் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தம்ளரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கீழே வைத்திருக்கலாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் வைக்கவில்லை. அதற்குப் பிறகு கலக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வாங்கி வைத்தால் போதும்.

என்னை அடிப்பார், தெரு பார்க்கும், நான் ஸ்டேஷனுக்குப் போவேன் என்பதுதான் என் கணக்கு. ஆனால் குடித்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். கிறிஸ்டினா போர்வை போர்த்திவிட்டாள். "ஒடம்பு சரியில்ல அவருக்கு" என்று பெரியம்மாவிடம் பொய் சொன்னாள். என்மேல் அவர் கை படவேயில்லை. மழைக்காலம்வரை பொறுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பெரியம்மா ஒரு கல்யாணத்துக்காக அரக்கோணம் போயிருந்தாள். ஷிப்மெண்ட் இருந்ததால் கம்பெனியில் ஓவர்டைம். சூப்பர்வைசர் ஜோதி அக்கா, போகிறவர்கள் ஆறு மணி வேனில் போகலாம் என்று சொன்னார். கட்டாயம் என்று நான் முதலில் உங்களிடம் சொன்னது சரியல்ல. என் மெஷினுக்கு நேரே ஜன்னல். வேன் கிளம்பிப் போவது தெரிந்தது. நான் அடுத்த மேல்தோலை எடுத்து ஊசிக்கடியில் வைத்தேன்.

காலையில் நான் அவருக்கு ஒன்றல்ல, இரண்டு பாட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வைக்கும்போது ஒரு வார்த்தையும் சொன்னேன். "கிறிஸ்டினா உங்களக் கொலகாரன்னு சொல்லி ஸ்கூல்ல சிரிக்கிறாளாம்." அவள் அப்படிச் சொன்னதேயில்லை. அவர் தையலைக் கீழே வைத்தார்.

ஒரே ஒரு அடி. அவ்வளவுதான் நான் நினைத்தது. அவர் யாரென்று அவளுக்கும் தெரியவேண்டும். நான் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது.

நான் போனபோது தெருவில் கூட்டம். ஆஸ்பத்திரியில் கிறிஸ்டினாவுக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, தண்ணீர் கேட்டாள். போலீஸ்காரர் குனிந்து, யார் அடித்தது என்று கேட்டார். "நானே விழுந்துட்டேன். அப்பாவ ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள். நான் அவரை வெளியே அழைத்துப்போய், அவளுக்கு நினைவு சரியில்லை, பிதற்றுகிறாள் என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். விடிவதற்குள் போய்விட்டாள்.

அவள் பிதற்றவில்லை மேடம். தெளிவாகத்தான் இருந்தாள். இன்று வந்தது அதைச் சொல்லத்தான்.

பாட்டில் வாங்கியது நான். பொய் சொன்னது நான். வேனில் ஏறாமல் இருந்ததும் நான்தான். ஆனால் கை அவருடையது, அதை யாரும் மறுக்க முடியாது. அவர் திரும்ப உள்ளே போய்விட்டார். இனிமேல் எங்கள் வீட்டில் கிறிஸ்டினாவை யாரும் அடிக்க முடியாது.