வாசலில் நிற்கும் சர்க்கரை

சமயநல்லூர் மகளிர் மன்ற ஆண்டு விழாவின் தலைவர், எனக்குப் பத்தே நிமிடம் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்ட சுந்தரம்மாள் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வாசலில் மேசை போட்டு ஊட்டச் சொட்டு விற்கும் தம்பி சூரியபிரகாஷ் அவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் நான். மேடை எனக்குப் பழக்கமில்லை, சந்தேகம் பழக்கம். பொன்னாடையோடு அந்தச் சொட்டில் ஒரு பாட்டிலும் தந்தார்கள். திறக்கும் முன் அதில் எழுதியிருந்ததைப் படித்தேன். ‘ஒவ்வொரு செல்லுக்கும் நேரடி உணவு.’

நேரடி! எந்த வழியாக நேரடி? எந்த வாசலில் நேரடி? யாரைக் கேட்டு நேரடி?

செல் என்பது நம் உடலைக் கட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றறை. அதைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு. அதைப் போலச் சந்தேகம் பிடித்த ஒன்றை நான் கண்டதில்லை, எங்கள் துறைத்தலைவரைத் தவிர. சிரிக்காதீர்கள், அவர் காதுக்குப் போய்விடும். மூச்சுக்காற்று வந்தால் அந்தச் சவ்வு விட்டுவிடும். தண்ணீருக்குத் தனி வழி. உப்பு மிஞ்சினால், தன் சக்தியைச் செலவழித்து வெளியே தள்ளும். சர்க்கரை வந்தால்? நிறுத்தும்! தசைச் செல்லில் சர்க்கரைக்கான கதவுகள் பெரும்பாலும் உள்ளேயே மடங்கிக் கிடக்கின்றன. இன்சுலின் வந்து தட்டினால்தான் அவை வாசலுக்கு வரும்.

மதுரை சிம்மக்கல் கடைத்தெருவை நினைத்துப் பாருங்கள். வெங்காய லாரிகள் வரிசையாக நிற்கின்றன; மூட்டை இறக்க ஆள் வரவில்லை. தெருவெல்லாம் வெங்காயம், கடைக்குள் ஒன்றுகூட இல்லை. சரக்கில்லையே என்று இன்னும் பத்து லாரியை வரவழைத்தால் என்ன ஆகும்? ‘நாறும்’ என்கிறார் அங்கே ஒரு அம்மா. நாறும்தான் தாயே, நாறும்தான்.

அப்படி லாரி அனுப்பிய கதை ஒன்று சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் இருக்கிறார் ராதாமணி. நெசவுக் குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். ‘சொல்லுங்க டீச்சர், மறைக்க என்ன இருக்கு’ என்று அவரும், பக்கத்தில் இருக்கும் மகள் இந்துப்ரியாவும் சம்மதித்த பிறகே சொல்கிறேன்.

போன சித்திரையில் பதினாறு வயது இந்துப்ரியா மெலிந்துகொண்டே போனாள். தாகம், தாகம் என்றாள். வெயில் என்றார்கள். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று பந்தலுக்குப் பந்தல் வெல்லம் கரைத்த பானகம். சாமிக்குச் செய்தது, நீட்டிய கையை மறுக்கலாமா? இந்த ஊரில் யார் மறுத்திருக்கிறோம்? ஆறு டம்ளர் குடித்தாள். ஒவ்வொரு டம்ளரும் ஒரு லாரி! கோரிப்பாளையம் சந்திப்பில் சுருண்டு விழுந்தாள். விழுந்தவள் வாய்க்கும் ஏழாவது டம்ளரைக் கொண்டுபோனார்கள். ஆட்டோக்காரர் சோணைதான் அதைத் தட்டிவிட்டார். ‘தள்ளுங்கண்ணே, இம்புட்டு பேரு சுத்தி நின்னா பிள்ளைக்குக் காத்து எப்படி வரும்?’ என்று கேட்டு அவளைத் தூக்கி ஏற்றினார்.

மருத்துவமனையில் சொன்னது இதுதான்: ரத்தம் நிறையச் சர்க்கரை, செல் நிறையப் பசி. உடல் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. இனி ஊசி வழியாகத்தான் அது வர வேண்டும். ஊசி வந்தது. கதவு திறந்தது. பிள்ளை தேறினாள்.

இன்று விழாவுக்கு முன் டீ குடிக்கும்போது ராதாமணி சொன்னார்: நாளைக் காலையிலிருந்து மகளுக்கு ஊசி கிடையாதாம், இந்தச் சொட்டுதானாம்.

தாய்மார்களே, டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஊசி நின்றால் இந்தப் பிள்ளை சில நாள்கூடத் தாங்காது. நேரே தம்பியிடம் போய், உங்கள் சொட்டு எந்தக் கதவு வழியாகப் போகிறது என்று கேட்டேன்.

‘மேடம், நம்ம சொட்டுக்குக் கதவெல்லாம் தேவையில்ல. தானா உள்ள போயிரும்’ என்றார்.

தானாக! பானகத்துக்கு மறித்த வாசல் பாட்டிலுக்கு மட்டும் வழிவிடுமா? செல்லை ஏமாற்றி உள்ளே போவதில் தேர்ந்த கூட்டம் ஒன்று உண்டு தம்பி. அதன் பெயர் வைரஸ். எழுந்திருக்காதீர்கள், முடித்துவிடுகிறேன். வாயில் விட்ட சொட்டு முதலில் வயிற்றில் உடைய வேண்டும். பிறகு குடல், பிறகு ரத்தம், பிறகுதான் செல்லின் வாசல். அங்கே அதுவும் மற்றவற்றைப் போல வரிசையில் நின்றாக வேண்டும்!

ராதாமணி அம்மா, என்னையும் நீங்கள் நம்ப வேண்டாம். அன்று இந்துப்ரியாவைப் பார்த்த மருத்துவரிடமே கேளுங்கள். கேட்கும்வரை ஒரு வேளை ஊசியும் தவறக்கூடாது. சரிதானா?

எழுந்து நிற்கிறார். அவரிடம் ஒரு மைக்கைக் கொடுங்கள். இன்னொரு மைக் இல்லையா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். பிள்ளைக்குத் தினமும் குத்துவதைப் பார்க்க முடியவில்லை டீச்சர், அதனால்தான் வாங்கினேன் என்கிறார்.

இந்துப்ரியா கையைத் தூக்குகிறாள். சொல்லம்மா.

‘எனக்கு ஊசி பழகிருச்சு டீச்சர். நானேதான் போட்டுக்கிறேன். அம்மாதான் அழுகுறாங்க.’

கேட்டீர்களா ராதாமணி அம்மா? மருந்து உங்கள் அழுகைக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது. நாளைக் காலை இட்லிக்கு முன் ஊசி உங்கள் மகளுக்கு. அவள் போட்டு முடிக்கும்வரை அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வேலை உங்களுக்கு.

தலையாட்டுகிறார். அது போதும்.

மூடி திறக்காத என் பாட்டிலை இந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் தம்பி. பத்து நிமிடம் தந்ததற்கு இருபது எடுத்துக்கொண்டவளைப் பொறுத்த தலைவருக்கும், சந்தேகப்பட இடம் தந்த மன்றத்துக்கும், டம்ளரைத் தட்டிவிட்ட, இங்கே இல்லாத சோணைக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.