நல்வரவுத் துணியின் ஓரம்

இல்ல தம்பி, முடியாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? ஒங்க அம்மா படத்தை இந்தப் பழைய பிரேமுலயே போட்டுத் தாரேன். நாளைக்குப் பதினாறாம் நாளு விசேசம், படம் வீட்டுல இருக்கணும், அதெல்லாம் புரியுது. உள்ள இருக்கிற, நூலால பூப்போட்ட துணியை என்ன செய்யன்னுதான் கேட்டேன். தூரப் போடுங்கண்ணேன்னு பட்டுன்னு சொல்லிட்டீக. அதுல இருந்து கை ஓட மாட்டேங்குது.

உக்காருங்க. பரளச்சி பஸ்ஸு மூணே காலுக்குத்தான். அந்த ஸ்டூலு ஆடும், செவரோட ஒட்டிப் போட்டுக்கோங்க.

அலுத்துப் போச்சு தம்பி, வேற ஒண்ணுமில்ல. முப்பத்தேழு வருசமா இதே அருப்புக்கோட்டையில, இதே கடையில பிரேம் போடுறேன். மொதப் பாதி பூராவும் பொம்பளப் பிள்ளைக துணியைக் கொண்டாரும். கல்யாணம் கட்டிப் போற வீட்டுக்கு அண்டா குண்டாவோட இதுவும் போகணும்ல. ரெண்டு கிளி, நடுவுல ஒரு ரோசாப்பூ, கீழ நல்வரவு. போற வீட்டுல வாசலைப் பாத்து மாட்டுவாக. சிலது தாஜ்மகாலு போட்டிருக்கும். விருதுநகரத் தாண்டாத பிள்ளைக, தாஜ்மகாலுக்குத் தூணு அஞ்சு வச்சிருக்கும். யாரு போய் எண்ணப் போறா?

அடுத்த பாதி பூராவும் அந்தப் பிரேமுகளே திரும்பி வருது. துணியை எடுத்துட்டுப் படத்தைப் போடுங்கங்கிறாக. யாரு படம்? அந்தத் துணியில பூப்போட்டவுக படம். போன மாசம் பாலவனத்தத்துல இருந்து ரெண்டு வந்துச்சு. இன்னைக்கு நீங்க வந்திருக்கீக.

ஒங்களைக் குறை சொல்லல. நல்ல தேக்குக் கட்டை, இந்தக் காலத்துல இப்படிக் கெடைக்காது, அம்மா படத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கும். இது நான் போட்ட பிரேமுதான், தெரியுமா? ஆணியப் பாருங்க, கொஞ்சம் சாஞ்சு எறங்கியிருக்கா? எங்க அப்பாருக்கு அது பிடிக்காது, அதுக்காகவே எத்தனை நாளு திட்டு வாங்கியிருக்கேன்.

ஆமா, கழட்டுன துணிகளைச் சேத்து வைக்கிறேன். யாரு சொன்னா? எதுத்தாப்புல டீக்கடையிலயா? கிறுக்கன்னும் சேத்துச் சொல்லியிருப்பாகளே. சொல்லிட்டுப் போறாக. அறுபத்திரெண்டு துணி இருக்கு. வேப்பிலையைப் போட்டு டிரங்குப் பெட்டியில வச்சிருக்கேன். மதுரையில இருந்து ஒரு டீச்சரம்மா வருசத்துக்கு ஒருக்கா வந்து போட்டோ புடிச்சிட்டுப் போவாக. எப்பப் பாத்தாலும் கிளியைத்தான் புடிப்பாக. கிளி யாரு போட்டாலும் கிளிதான் தம்பி. எல்லாம் ஒரே புஸ்தகத்தைப் பாத்துக் கட்டம் எண்ணிப் போட்டது.

நான் பாக்குறது கிளிய இல்ல. இருங்க, கழட்டியே காட்டுறேன். கடைசி ஆணி... ம். வந்துருச்சு. துணியை அப்படியே விரிச்சுப் பிடிங்க. இழுக்காதீக.

இந்தா, நாலு பக்கமும் ஓரம் வெள்ளையா இருக்குல்ல? நடுவுல இருக்கிறது வெயிலும் அடுப்புப் புகையும் பட்டுப் பழுத்துப் போச்சு. இந்த ரெண்டு வெரக்கட அகலம் மட்டும் கட்டைக்குள்ள மடிஞ்சு கெடந்ததுனால அப்படியே இருக்கு. இந்த ஓரத்துக்காகத்தான் நான் சேக்குறேன். எடுத்த எடுப்புல நடுவுல ஊசியை வைக்கப் பயம் பிள்ளைகளுக்கு. தப்பாப் போனா துணி வீணு. அதனால மொதல்ல ஓரத்துலதான் போட்டுப் பழகும். எப்படியும் பிரேமுக்குள்ள போயிரும், எவன் பாக்கப் போறான்னு தெரியும்ல. பாருங்க, நல்வரவோட மொத எழுத்தை மூணு தடவை போட்டிருக்காக. மொத ரெண்டும் கோணக்கா மாணக்கா. மூணாவதுதான் தேறியிருக்கு. பச்சை நூலு பத்துமா, வேற பச்சை சேருமான்னு பக்கத்துல பக்கத்துல ஒவ்வொரு தையல்.

இந்த மூலைக்கு வாங்க. இது என்ன சொல்லுங்க. நாயா? நல்லாப் பாருங்க தம்பி, கொம்பு இருக்கு. ஆடு. காதைத் தொங்கப் போட்டுக்கிட்டு, ஒரு காலைத் தூக்கி... செடியைக் கடிக்கப் போற நேரம். கட்டை வெரலு அகலம்தான் இருக்கும். இது எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாது. கண்ணால பாத்த ஆளுதான் இப்படிப் போட முடியும். ஒங்க அம்மா கல்யாணத்துக்கு முந்தி ஆடு மேய்ச்சாகளா?

திருச்சுழிப் பக்கமா பொறந்த ஊரு? இருபது உருப்படி ஆடா? அப்பறமென்ன. அங்க கண்ட ஆடுதான் இது. நல்வரவுன்னு போட்டு ஆட்டை நிறுத்துனா மாமியா வீட்டுல சிரிப்பாக. அதான் நடுவுல கிளியப் போட்டுட்டு, தன் ஆட்டை இங்கன ஒளிச்சு வச்சிருக்காக. படத்துக்குக் கீழ ஆவுடைத்தாய்னு எழுதச் சொன்னீகளே, அந்தப் பேரை இதுல எங்கயும் போட்டுக்கல, பாத்தீகளா. ஆட்டை மட்டும் போட்டிருக்காக.

எதுக்குத் தம்பி மூஞ்சியத் திருப்புறீக? அழுகணும்னா அழுங்க, கடையில வேற யாரு இருக்கா. பதினஞ்சு நாளா வந்தவுக போனவுகளைக் கவனிச்சே ஒங்களுக்கு நேரம் போயிருக்கும்.

ஏன் ஒங்ககிட்ட இம்புட்டுப் பேசுறேன்னா... நீங்க தூரப் போடச் சொன்னப்பவே சரின்னு வாங்கிப் பெட்டியில வச்சிருக்கலாம். பெட்டியில துணி அறுபத்தி மூணு ஆயிருக்கும். ஆடு போட்டது ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல, ஆசை விடுதா? பாதிப் பேருகிட்ட அப்படித்தான் சத்தங்காட்டாம வாங்கி வச்சேன். இப்பக் கொஞ்ச நாளா மனசு கேக்க மாட்டேங்குது. கழட்டி, ஓரத்தைக் காட்டிட்டுத்தான் கேக்குறேன். காட்டுன பெறகும் வேணாம்னு சொன்னவுகளும் இருக்காக. அது அவுக இஷ்டம்.

ஒங்களுக்கு வேணுமா? சந்தோசம் தம்பி. மடிக்காம சுருட்டுங்க. மடிச்சா அந்த இடத்துல நூலு விட்டுப் போகும்.

எங்க வீட்டுக்காரி போட்டது எதுன்னா கேக்குறீக? அவ போட்டது பெட்டியில இல்ல. தங்கச்செல்வின்னு பேரு. பிரேம் கடைக்காரனைக் கட்டிக்கிட்டு வாரவ பிரேமோடயா வருவா? வெறுந்துணியாத்தான் கொண்டாந்தா. நானே மடிச்சு ஆணியடிச்சேன். அப்பெல்லாம் நான் ஓரத்தைப் பாக்குறதில்ல. அளவு பாக்குறதோட சரி.

அவ போயி பதினோரு வருசமாச்சு. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் ஓடல. படத்துக்குப் பிரேம் வேணும்னாக. கடையில நூறு பிரேம் கெடக்கு, நான் செவத்துல இருந்த அந்தப் பிரேமைக் கழட்டுனேன். அவ படத்தை வச்சேன். கண்ணாடி தூசியா இருந்துச்சு, கையில இருந்த துணியால நல்லா அழுத்தித் தொடைச்சேன். அந்தத் துணி அப்படியே சாமான் பைக்குள்ள போயி கடைக்கு வந்துருச்சு. நாலு மாசம் வாரவுக போறவுக கண்ணாடியெல்லாம் அதுலதான் தொடைச்சிருக்கேன். எம் மக சுகப்பிரியா ஒரு நாளு சோறு கொண்டாந்தவ எங் கையைப் பாத்துட்டு, அப்பா, இது அம்மா பூப்போட்ட துணியாச்சேன்னா. விரிச்சுப் பாத்தேன். கண்ணாடி முனையில பட்டுப் பட்டு, ஓரம் நாலும் நைஞ்சு பிஞ்சு போயிருந்துச்சு. நடுவுல அரைக்கிளிதான் மிச்சம். ஓரத்துல என்ன போட்டிருந்தாளோ, எனக்குத் தெரியாது தம்பி. இருபத்தஞ்சு வருசம் அது எங்க வீட்டுச் செவத்துலதான் தொங்குச்சு. நான் அவகிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல.